நாளைக்கு வாங்க வாங்க

தெய்வானை அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது கடையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. தொண்டாமுத்தூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், தன் வீட்டிலேயே ஊறவைத்துத் தூக்குப்போசியில் கொண்டுவந்த உளுந்து அதில் பாதி அரைபட்டிருந்தது. சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. அக்காவின் மகள் கௌசல்யா. ஈரக் கையோடு எடுத்துக் காதில் வைத்தேன். கல் சுற்றும் இரைச்சலில் அவள் சொன்னது விளங்கவில்லை. "சத்தமாச் சொல்லு கண்ணு, மிஷின் ஓடுது" என்றேன். மறுபடி சொன்னாள். மறுபடியும் விளங்கவில்லை. கடைசியில் அந்தப் பெண், "மாமா, அம்மா போயிட்டாங்க" என்று கத்த வேண்டியதாயிற்று. எந்தப் பிள்ளையும் கத்திச் சொல்லக் கூடாத செய்தி அது. இன்றைக்கும் கிரைண்டர் சுவிட்சைப் போடும்போது அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

என் முகத்தைப் பார்த்த அந்த அம்மாள், "நிறுத்திப்போடுங்க, நான் இன்னொரு நாளைக்கு வாரேன்" என்றார். நான் நிறுத்தவில்லை. பாதியில் நின்ற உளுந்து எதற்கும் ஆகாது என்பது அக்காவின் சட்டம். தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டி, பிறகு அரிசியையும் போட்டு ஆட்டி, வழித்து, அவருடைய போசியிலேயே நிரப்பிக் கொடுத்தேன். அந்த இடத்தில் வழக்கமாகச் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று உண்டு. அது எனக்கு வரவில்லை. அவரும் ஒன்றும் கேட்காமல் போசியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாசகம் உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் கடையில் கிரைண்டர் வாங்கியவர்கள், வாங்க வந்து வாங்காமல் போனவர்கள், எல்லோருமே அக்கா வாயால் அதைக் கேட்டிருப்பீர்கள். "இன்னைக்கு ஆட்டுங்க, நாளைக்கு வாங்க வாங்க." முதல் 'வாங்க' விலைக்கு வாங்குவது. இரண்டாவது 'வாங்க', வாருங்கள் என்பது. அப்படியும் இல்லாமல், விருந்தாளியைக் கண்டதும் வாசலுக்கு வந்து கூப்பிடுகிற 'வாங்க வாங்க' என்றும் அதைக் கேட்கலாம். இதில் எதுதான் சரி என்று அவரிடமே ஒருமுறை கேட்டேன். "அவங்கவங்க காதுல எப்படி உழுகுதோ அப்படிங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லைக் கழுவப் போய்விட்டார்.

நான் அதே கடையில் சர்வீஸ் பிரிவில் இருப்பவன். வேலை பார்ப்பதைவிட முணுமுணுப்பது அதிகம் என்று என்னைப் பற்றி ஒரு பெயர் உண்டு. அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் முணுமுணுப்பெல்லாம் அவர்மீதுதான். காங்கேயத்துப் பக்கத்திலிருந்து கோயம்புத்தூர் கணபதிக்குக் குடிவந்த குடும்பம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். வருகிறவர்களுக்குக் கிரைண்டரை ஓட்டிக் காட்டுவதற்காக அக்காவை வைத்தார்கள். அதற்கு முன்பும் கடையில் ஓட்டிக் காட்டிக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் அரிசி, எங்கள் உளுந்து, எங்கள் பக்குவத்தில் ஊறவைத்தது. பஞ்சுபோல மாவு வரும், பார்ப்பவர்கள் தலையாட்டுவார்கள், பில் போடுவோம். அக்கா வந்த முதல் வாரத்திலேயே அதை நிறுத்தினார். "கடை அரிசிய ஆட்டிக் காட்டறது எரவல் நகை போட்டுக்கிட்டுப் பொண்ணு பாக்க வாரவங்க முன்னால நிக்கறாப்புலங்க. அவங்கவங்க ஊட்டு அரிசியக் கொண்டாரச் சொல்லுங்க. ரேசன் அரிசின்னாலுஞ் சரி" என்றார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவரவர் அரிசியை ஆட்டி முடித்து, அவர்களும் மகிழ்ந்து, பில் போடுகிற மேசைப் பக்கம் திரும்பும்போது, அக்கா குறுக்கே வந்து நிற்பார். "ஆட்டி முடிச்ச கையோட பாத்தா அல்லா மாவும் வெள்ளையாத்தானுங்க இருக்கும். இது உங்க ஊட்டுல பொங்கோணும். காலைல இட்டிலி வேகோணும். அத உங்க ஊட்டுக்காரரு ஒண்ணுஞ் சொல்லாமத் தின்னோணும். அப்பறமா வாங்க வாங்க." வாங்கியே தீருவது என்று வந்த மனிதரை இப்படித் திருப்பி அனுப்பிய கடை கோயம்புத்தூரில் வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் முதலாளி கண்ணாடி அறைக்குள்ளிருந்து இதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்வார். "கைக்கு வந்தவங்கள நாளைக்கு வாங்கன்னு தொரத்தறதுக்கு ஒரு ஆளு வெச்சிருக்கறனுங்க நானு" என்று என்னிடம் சொல்வார். நானும் ஆமாம் போடுவேன். ஓயாமல் ஓடி அந்த கிரைண்டரின் பெல்ட் தேய்ந்தால் மாற்றுகிறவன் நான்தானே.

ஆனால் போனவர்கள் திரும்பி வந்தார்கள். சும்மா வரவில்லை. தட்டத்தில் இட்லியும், டிபன் பாக்ஸில் சட்னியுமாக வந்தார்கள். கோட்டைமேட்டிலிருந்து ஓர் அம்மா பத்திரி என்கிற அரிசி ரொட்டிக்கு அரைத்துப் போன மறுநாள் பத்திரியோடு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. காலை நேரத்தில் எங்கள் கடைக்குள் நுழைந்தவர்கள் இது கிரைண்டர் கடையா, டிபன் கடையா என்று குழம்பியிருப்பார்கள். பெல்ட் தேய்கிறது என்று முணுமுணுத்த நான் வீட்டில் காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். அக்கா என்னை விடவில்லை. "ஏனுங்க மெக்கானிக்கு, இட்டிலி நல்லாருக்குதுங்களா? அப்ப பெல்ட்டும் நல்லாத்தான் இருக்கும்" என்பார்.

முதலாளியும் ஒரு கட்டத்தில், நடப்பது நடக்கட்டும், அதையே விளம்பரமாக்கிவிடுவோம் என்று நினைத்து, வாசலில் பெரிதாகப் பலகை வைத்தார். 'இலவசமாக ஆட்டிப் பாருங்கள்.' எங்கள் ஊர்க்காரர்கள் 'பாருங்கள்' என்பதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மட்டும் படித்தார்கள். பின்தெருப் பெண்கள் சனிக்கிழமை தோறும் போசியோடு வரிசையில் நின்றார்கள். மெஸ் நடத்துகிற ஓர் அம்மாள் ஆட்டோவில் அண்டாவையே கொண்டுவந்து இறக்கினார். அக்காதான் போய், அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, முகம் சுளிக்காமல் சொன்னார்: "ஒருக்கா ஆட்டிப் பாக்கலாமுங்க. மறுக்கா மறுக்கா ஆட்டிப் பொழைக்கப்படாதுங்க." அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அண்டா திரும்பவும் ஆட்டோ ஏறியது. பிற்பாடு மெஸ்ஸுக்குப் பெரிய கிரைண்டர் எடுத்தது எங்களிடம்தான்.

இன்னொரு நாள் சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, சீருக்குக் கிரைண்டர் எடுக்க வந்திருந்தார்கள். அம்மாதான் பேசினார், அம்மாதான் நிறம் பார்த்தார். அக்கா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "எத்தன பேருக்கு ஆட்டோணும் அம்மணி?" என்று கேட்டார். பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கும் தெரியவில்லை. ஜாதகம் பார்த்தார்கள், தோட்டம் பார்த்தார்கள், அந்த வீட்டு அடுப்பில் எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அங்கேயே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார்கள். கூட்டுக் குடும்பம், தறி ஓட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சமையல் என்றார்கள். அக்கா பெரிய கிரைண்டரைக் காட்டி, அதன் கல்லைத் தூக்கச் சொன்னார். பெண்ணால் முடியவில்லை. "இது ஒருத்தி தூக்கற கல்லு இல்லீங்க. அங்க தூக்கிக் குடுக்க ஆளு இருக்குதான்னும் சேத்துக் கேட்டுப்போடுங்க" என்றார். போன் கை மாறியது. மறுமுனையில் ஒரு வாலிபனின் குரல், கூச்சத்தோடு, "நான் தூக்கித் தாரேனுங்க" என்றது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்த சிரிப்பைப் பார்த்து, பில் போடுகிற மேசை வரைக்கும் எல்லோரும் சிரித்தோம்.

இப்போது எதற்கெடுத்தாலும் 'டிரயல்' என்கிறார்கள். காரை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள், மெத்தையில் படுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். வியாபார உத்தி என்று அதற்குப் பெயர். அக்காவுக்கு அது உத்தியாகத் தெரிந்ததில்லை. விற்றுவிட்ட சாமான் வாங்கியவர் வீட்டில் மூலையில் கிடப்பதை அவரால் தாங்க முடியாது, அவ்வளவுதான். "ஊட்டுல ஒரு பொருளு வெசனமா ஒக்காந்திருக்கப்படாதுங்க" என்பார்.

போனில் பொருள் வாங்கும் பழக்கம் பெருகியபோது எல்லாம் மாறியது. ஊறிய அரிசியோடு வருவார்கள், ஆட்டிப் பார்ப்பார்கள், கிரைண்டரைப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், போசியோடு போவார்கள். மறுநாள் வரமாட்டார்கள். அதே கிரைண்டர் அட்டைப் பெட்டியில் அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்திருக்கும். நான் கோபப்படுவேன். "வராதவங்க ஊட்டுல மாவு பொங்கலைன்னு வெச்சுக்குவோமுங்க" என்பார் அக்கா. ஒருநாள், அப்படிப் போனில் வாங்கிய ஒரு பெண், டிரம் சுற்றவில்லை என்று எங்களிடமே ரிப்பேருக்குக் கொண்டுவந்தாள். அக்காவைக் கண்டதும் அவள் முகம் வெளிறிவிட்டது. நன்றாக நாலு வார்த்தை கேட்கட்டும் என்று நான் காத்திருந்தேன். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அன்னைக்கு ஆட்டுன மாவு பொங்குச்சுங்களா கண்ணு?" அவள் தலையாட்டினாள். "அது போதுமுங்க" என்று சொல்லி, கிரைண்டரை என் பக்கம் நகர்த்தினார்.

முதலாளியால் அப்படி விட முடியுமா? அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடை நடத்தினால்தான் எங்களுக்கும் அடுப்பு எரியும். ஆட்டிப் பார்க்கிற அந்த மூலையை எடுத்துவிடுவது, குழாயையும் தொட்டியையும் பிடுங்கிவிட்டு அங்கே ஏர்கூலர் வைப்பது என்று முடிவு செய்தார். எதற்கும் சண்டை போடாத அக்கா இதற்குச் சண்டை போட்டார். கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பேசியதில், "அப்ப என்னையும் புடுங்கிப்போடுங்க" என்பது மட்டும் வெளியே கேட்டது. முதலாளி அப்போதைக்குத் தள்ளிவைத்தார்.

அந்த நாட்களில்தான் அக்கா என்னிடம், "கல்லச் சித்தத் தூக்கித் தாங்க" என்று கேட்கத் தொடங்கினார். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். சோமனூர் மாப்பிள்ளையைப்போல நானும் தூக்கித் தருவதாகக் கிண்டல் செய்தேன். பிறகு தண்ணீர்ச் சொம்பையே இரண்டு கையால் பிடிப்பதைப் பார்த்தேன். வயிற்றில் கட்டி என்றார்கள். அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்து ஏற்றுவதைப் பற்றி விளக்கியபோது, அக்கா கேட்டாராம்: "ஒருக்காப் போட்டுப் பாத்துப்போட்டு, ஒத்துக்கலைன்னா திருப்பிக் குடுத்தறலாமுங்களா?" டாக்டர் சிரித்தாராம். இதை எனக்குச் சொன்ன கௌசல்யா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஊருக்கே பார்த்து வாங்கச் சொன்ன மனுஷிக்கு, பார்த்து வாங்க முடியாத ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தானே என்று அன்றைக்குக் கடவுள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

லீவு போட்டுவிட்டுப் போகும் நாளில் முதலாளியிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார். தான் திரும்பி வரும் வரைக்கும் அந்த மூலையில் கை வைக்கக் கூடாது. முதலாளியும் கண் கலங்கி, "நீங்க வந்து ஒக்கார்ற வரைக்கும் தொட மாட்டனுங்க" என்றார். என்னிடம் தனியாக, "நீங்க ஆட்டிக்கிட்டே இருங்க மெக்கானிக்கு. நின்னுபோச்சுன்னா கொழாயப் புடுங்கிருவாங்க" என்றார். ஸ்க்ரூடிரைவர் பிடித்த கையால் உளுந்து தள்ளக் கற்றுக்கொண்டேன். என் மாவு முதலில் யாருக்கும் பொங்கவில்லை. பாவம், அந்த வாடிக்கையாளர்கள்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது, செய்தி வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம். அந்த மூலையில் ஆட்டிய மாவில் என் மனைவி இட்லி அவித்துக் கொடுத்திருந்தாள். இளகிய ஆகாரம் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னதால், கௌசல்யா ஒரு துண்டைப் பாலில் நனைத்து ஊட்டினாள். அக்கா வெகுநேரம் வாயில் வைத்திருந்து விழுங்கினார். "உளுந்து ஒரு கை பத்தலைங்க" என்றார். பிறகு, "என்ற மூலையில ஆட்டுனதுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு துண்டு வேண்டும் என்று வாயை மட்டும் திறந்தார். புறப்படும்போது, "நாளைக்கு வாரேனுங்கக்கா" என்றேன். இருந்த கொஞ்சக் குரலில், "வாங்க வாங்க" என்றார். இருவரும் சிரித்தோம். அது எந்த 'வாங்க' என்று நான் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

சாவு வீட்டில் எங்களுக்குத் தெரியாத முகங்கள் நிறைய இருந்தன. சோமனூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் கைக்குழந்தையோடு வந்து ஓரமாக நின்றார்கள். கௌசல்யா அவர்களிடம், "நீங்க எந்த வகையில ஒறவுங்க?" என்று கேட்டாள். "ஒறவு இல்லீங்க. உங்கம்மாகிட்ட மாவாட்டிப் பாத்தவங்க" என்றாள் அந்தப் பெண். பாடையைத் தூக்க ஆள் கூப்பிட்டபோது அவளுடைய கணவன் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, வந்து தோள் கொடுத்தான். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த நான் அங்கேதான் அழுதேன். கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருந்த முதலாளி, பின்னால் நடந்து வந்தார்.

காரியமெல்லாம் முடிந்தது. முதலாளி சொன்ன வாக்கும் அதோடு முடிந்துவிட்டதாகத்தான் நானும் எண்ணினேன். அக்கா வந்து உட்காரும் வரை என்றுதானே சொன்னார். அடுத்த வாரமே பிளம்பர் வந்துவிட்டார். ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த வேலை. தொட்டிக்கு அடியில் மண்டியிட்டு ஸ்பேனரைப் போட்டார். முதலாளி கண்ணாடி அறைக்கு வெளியே நின்றார். நான் ரிப்பேர் மேசையில் தலையைக் குனிந்துகொண்டேன். என்னால் ஆனதைச் செய்துவிட்டேன், இனி ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் தொண்டாமுத்தூர் அம்மாள் உள்ளே வந்தார். கையில் அதே தூக்குப்போசி. அதற்குள் துணியில் சுற்றிய இட்லி. "அடுத்த நாளே வந்திருப்பேனுங்க. தோட்டத்துல யானை பூந்து வாழையெல்லாம் சாச்சுப்போட்டுது, அந்தச் சோலியில நின்னுபோச்சு. மாவு நல்லாப் பொங்குச்சுங்க. பிரிட்ஜுல எடுத்துவெச்ச மிச்சத்துல ஊத்துனதுங்க இது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்குப் போன்ல... உங்களுக்குச் சொந்தமுங்களா?" என்று கேட்டார். நான் குழாயடியைக் காட்டினேன். "இங்க ஆட்டிக் காட்டறவங்க. தெய்வானைன்னு பேரு." அந்த அம்மாள் அந்த மூலையையே பார்த்தார். "நான் அவிங்களப் பாத்ததே இல்லீங்களே" என்றார். போசியைத் திறந்து, ஓர் இட்லியை எடுத்து, யாரிடமும் கேட்காமல், ஓடாமல் நின்ற கிரைண்டரின் மூடிமேல் வைத்தார். அப்புறம்தான் எங்களுக்குக் கொடுத்தார்.

முதலாளி கையில் இட்லியோடு நின்றார். சாப்பிடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பிளம்பர் தலையைத் தூக்கி, "வால்வை மூடிரட்டுங்களா?" என்று கேட்டார்.

"நாளைக்கு வாங்க" என்றார் முதலாளி.

"நாளைக்கு எத்தன மணிக்குங்க?"

முதலாளி கண்ணாடி அறைக்குள் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அந்தப் பிளம்பர் பிறகும் போன் செய்கிறார், முதலாளியும் மரியாதையாக அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். குழாய் இருக்கிறது. தொட்டி இருக்கிறது. ஏர்கூலர்கள் குடோனில் இருக்கின்றன.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஒரு கை உளுந்து கூடுதலாகப் போடும் பழக்கமும், அந்த ஒரு வாசகமும்தான். ஊறிய அரிசியோடு வருகிறவர்களுக்கு ஆட்டிக் கொடுத்து, போசியை நீட்டி, இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். "இன்னைக்கு ஆட்டுங்க, நாளைக்கு வாங்க" என்பது வரைக்கும் தடையில்லாமல் வருகிறது. அடுத்த 'வாங்க' சொல்லும்போது மட்டும் என் கண் அந்தக் குழாயடிக்குப் போய்விடுகிறது. அது வாடிக்கையாளருக்குச் சொல்வது அல்ல. அவர்கள் அதை அப்படி எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். அவரவர் காதில் எப்படி விழுகிறதோ அப்படி.